அவிழ்க்க வந்தவனைக் கட்டச் சொன்னேன்

கண்ணு,

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு கட்டு, பழுப்புத் தாளில் சுற்றி, நம் கம்பெனி கட்டிங் டேபிள் மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிஷின்கள் ஓடவில்லை. எதிர்ச் சந்தில் யாரோ ஒரு நிட்டிங் மிஷினை மட்டும் ஓட்டுகிறார்கள். நல்லூரில் இன்றைக்கு அந்த ஒரு சத்தம்தான். நான் ஓவர்லாக் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லியே என்னைச் சுலபமாகத் தப்பிக்க விட்டுவிடுவாய். எனக்கும் அது வசதியாகப் போய்விடும். அதனால் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன்.

பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் மாமன் பெயர் அச்சாகியிருக்கிறது. அவனைக் கேட்டுப் போட்டதில்லை. உன் அம்மா பிரஸ்ஸுக்குப் போய் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்பது வருஷமாகத் தன் தம்பி வீட்டு வாசலை மிதிக்காதவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான், அதையும் தாய் தகப்பன் இரண்டு பேரும் சேர்ந்து போய்த் தட்டோடு வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கிளம்பலாமா என்று கேட்டேன். "நீங்க மொதல்ல போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டு வாங்க. அப்பறம் நான் தட்டு எடுத்துட்டு வர்றேன்" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே குடும்பம் நடத்திவிட்டோம். தெரியாதது உனக்கு மட்டும்தான்.

உனக்குத் தெரிந்த கதை நான் சொன்ன கதை. குன்னத்தூர் தோட்டத்தில் தக்காளி போட்டோம், உன் மாமன் பண்ணையிலிருந்து நாற்று வாங்கினோம், நாற்றிலேயே நோய் இருந்தது, இலை சுருண்டு காடே போய்விட்டது, கேட்டதற்கு அவன் முறைத்துக்கொண்டு போனான், அதோடு உறவு அற்றது. நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிடுங்கிப் போட்ட செடிக் குவியலைப் பார்த்துவிட்டு அழுதாய். பிறகு விவசாயக் கல்லூரியில் சேர்ந்தாய். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே இன்டர்வியூவில் நடந்ததைச் சொன்னாய். ஏன் இந்தப் பாடம் என்று கேட்டார்களாம். "எங்க மாமன் குடுத்த நாத்துல வைரஸ் வந்து எங்க தோட்டமே போச்சு. அந்த நோய் எப்படிப் பரவுதுன்னு கண்டுபுடிக்கோணும்னு அன்னைக்கே தோணுச்சு" என்றாயாம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்களாம். உன் அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். இரண்டாம் தரம் சோறு கூடப் போட்டுக்கொண்டேன் என்று நினைவு.

அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் போனில், அந்த நோயைப் பரப்புகிற உன் வெள்ளை ஈயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். "ஈ வெறும் வண்டிதானே கண்ணு? நம்ம குட்டியானை டெம்போ மாதிரி. ஓரெடத்துல சரக்கை ஏத்தி இன்னோரெடத்துல எறக்குது. வண்டிக்குள்ள போய் என்ன ஆராய்ச்சி?" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லீங்கப்பா. சரக்கு ஏத்துன வண்டி அப்படியேதான் இருக்கும். ஈ அப்படி இருக்கறதில்ல" என்று ஆரம்பித்தாய். நோய் பிடித்த செடியின் சாற்றை உறிஞ்சும்போது வைரஸும் சேர்ந்து உள்ளே போகிறது. குடலுக்குப் போய், குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்து, கடைசியில் எச்சிலுக்கு வந்துவிடுகிறது. ஒரு தடவை ஏறிவிட்டால் அநேகமாக அந்த ஈ சாகிற வரைக்கும் இறங்காது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் சுமக்கிற ஈயும் சுமக்காத ஈயும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டையும் தனித்தனியாக அரைத்து, எந்த எந்த ஜீன் கூடுதலாக வேலை செய்கிறது, எது அடங்கிப் போயிருக்கிறது என்று பட்டியல் எடுத்தால் இரண்டும் வேறு வேறாக வருகிறது என்றாய். உள்ளே வந்ததை எதிர்க்கிற ஜீன்கள் எழுந்துகொள்கின்றன. உடம்புக்குள்ளேயே குப்பையைத் தின்று சுத்தம் செய்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம், அது வேகம் எடுத்து வைரஸில் கொஞ்சத்தைத் தின்றும் விடுகிறதாம். முழுசாகத் தீர்க்க மட்டும் முடிவதில்லை. சில ஈக்களுக்குப் போய் உட்காருகிற செடிகூட மாறிவிடுகிறது, நோயைச் சுமக்கிற ஈ நல்ல செடியாகத் தேடிப் போகிறது என்றும் சொன்னாய்.

"அதுக்குத் தெரியுமா கண்ணு, தான் சொமக்கறோம்னு?" என்று கேட்டேன்.

"ஈக்கு என்னங்கப்பா தெரியும்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, பட்டன் அடிக்கக் கொடுத்த பீஸ் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். உன் பூச்சிக் கூண்டுக்குள் தொங்கவிட்ட பசை தடவிய மஞ்சள் அட்டை. அட்டை முழுக்க வெள்ளை ஈ, உப்புத் தூவின மாதிரி. "மஞ்சள்னா உசுருங்கப்பா இதுகளுக்கு. எங்க இருந்தாலும் வந்து உக்காந்துக்கும்" என்று கீழே எழுதியிருந்தாய். அப்போது நான் ஒரு ரோல் துணியை வெளிச்சத்தில் பிரித்து ஷேடு பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை மடித்து வைத்தேன். பின்னலாடைத் தொழிலில் இருபது வருஷமாகக் கலர் பார்த்த கண் இது. உன் அட்டை மஞ்சளும் என் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்து ஷேடு.

என் மஞ்சள் என்னவென்று இனிமேல் சொல்கிறேன். நாம் தக்காளி போட்ட வருஷம் குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. சாயம் போட்டு வந்த மஞ்சள், ஆர்டர் கொடுத்த பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு சேரவில்லை, ஷேடு ஒரு மாற்று கூடிவிட்டது. துணியை அவர்கள் எடுக்கவில்லை. ரோல் ரோலாக மூலையில் கிடந்தது. தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கட்ட வேண்டிய நேரம். எல்லாரும் சணலில் கட்டுவார்கள், சணல் தண்டை அறுக்கும். பனியன் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறாகிவிடும், மெத்தென்று இருக்கும், செடி வளர வளர அதுவும் இளகிக் கொடுக்கும். கம்பெனி வைத்திருக்கிறவன் தோட்டமும் வைத்திருந்தால்தான் இப்படி மூளை வேலை செய்யும் என்று எனக்குப் பெருமை. கட்டிங் மாஸ்டரை உட்கார வைத்து ஒரு நாள் முழுக்க வெட்டினேன். காடு பூராவும் செடிக்கு மூன்று கட்டு, எல்லாம் மஞ்சள். ரோட்டில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வரப்பில் நின்று போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பினேன். உன் அட்டையில் பசை இருந்தது, வந்த ஈ ஒட்டிக்கொண்டு சாகும். என் கட்டில் பசை இல்லை. வந்த ஈ கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பக்கத்து இலைக்குப் போகும்.

நீ இதைப் படிக்கும்போதே "அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதுங்கப்பா" என்பாய். அந்த வருஷம் வெயில் அதிகம், வரப்பில் களை இருந்தது, சுற்றிலும் எந்தக் காட்டில் நோய் இருந்ததோ தெரியாது, இதெல்லாம் நீ எடுத்துத் தருவாய். இந்த இரண்டு வருஷமாக நானே அவற்றை எனக்கு எடுத்துத் தந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் மூன்று விஷயம் என் கண்ணால் பார்த்தவை. முதலில் சுருண்டது நான் முதலில் கட்டின வரிசைகள். செடியைத் தட்டினால் புகை மாதிரிக் கிளம்புகிற ஈ, திரும்ப வந்து மஞ்சள் கட்டில் உட்காரும். அடுத்த காட்டில், ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம், அதே தட்டிலிருந்து எடுத்த நாற்றை உன் மாமனும் நட்டிருந்தான். அவன் சணலில் கட்டியிருந்தான். அவன் செடி நம்முடையது போல ஒட்டுமொத்தமாகச் சுருண்டுவிடவில்லை, காய் பிடித்திருந்தது. இதையெல்லாம் அன்றைக்கே பார்த்தேன், கண்ணு. பார்த்துவிட்டு மருந்து அடித்தேன். கேட்காததால் மறுபடி அடித்தேன். நாற்றில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன், சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அந்த நாளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். காலையில் கம்பெனியிலிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். உன் மாமன் நம் காட்டுக்குள், முதல் வரிசையில் குனிந்து, ஒரு செடியின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பட்டை ஒன்று ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. அவன் பண்ணைக்கு நாற்று எடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் வண்டியோடு ரோட்டோரம் நின்றார்கள். நான் அங்கிருந்தே கத்தினேன். "கெட்ட நாத்தக் குடுத்து காட்டையே அழிச்சது பத்தலையா? கட்டையும் அவுத்துச் செடியச் சாய்க்கப் பாக்கறயா?" என்றேன். அவன் நிமிர்ந்தான். "மச்சான், ஒரு நிமிசமுங்க" என்றான். நான் ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை. வண்டியில் இருந்தவர்களைப் பார்த்து, இவன் நாற்றை வாங்கினால் உங்கள் காடும் இதே கதிதான் என்றேன். பிறகு அவனிடம், "அவுத்ததைக் கட்டிப்போட்டு வெளிய போ" என்றேன். அவன் குனிந்து, கையில் இருந்த பட்டையை அந்தச் செடிக்கே மறுபடி கட்டினான். அவசரப்படவில்லை. முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, வரப்பு ஏறிப் போய்விட்டான். வண்டிக்காரர்கள் நாற்று எடுக்காமல் திரும்பினார்கள்.

அடுத்த வருஷம் அவன் பண்ணையில் நாற்று விடவில்லை. வாங்க ஆள் இல்லை. சேவூர் வரைக்கும் அந்தப் பேச்சுப் போய்விட்டது, நான் போட்ட விதை அல்லவா. அதற்கும் அடுத்த வருஷம் கம்பெனி பஸ் ஏறித் திருப்பூருக்கு வேலைக்கு வந்துவிட்டான். எங்கே என்று உனக்குச் சொன்னதில்லை. நாம் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற பெரிய கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன். வாரத்துக்கு மூன்று நாள் நான் டெலிவரி கொண்டுபோகிறேன். அவன் வண்டி நம்பரை ரிஜிஸ்டரில் எழுதுவான், ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்புவான், நான் கையெழுத்துப் போடுவேன், கேட்டைத் திறப்பான். முதல் சில மாதம் வேறு யாரையாவது அனுப்பலாமா என்று யோசிப்பேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. வடக்கத்திப் பையன்களிடம் அவன் அரைகுறை இந்தியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவேன். மனசுக்குள் ஒன்றும் நடக்காது. மரத்துப் போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி, நடை மட்டும் நடக்கும். உன் போட்டோ வந்த பிறகும் இரண்டு வருஷம் அப்படியே நடந்தது.

போன ஞாயிறு குன்னத்தூருக்குத் தனியாகப் போனேன். பண்ணை இருந்த இடத்தில் நிழல்வலைக்குப் போட்ட கம்பிகள் மட்டும் நிற்கின்றன. அதற்குக் கீழே அவன் சட்டையில்லாமல் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "வாங்க மச்சான்" என்றான், ஊருக்கு வந்த யாரையும் சொல்கிற மாதிரி. நான் நின்றபடியே சொன்னேன். மஞ்சள் துணியைச் சொன்னேன், உன் அட்டையைச் சொன்னேன், "உன் நாத்துல கொறை இல்ல மாப்ள, அன்னைக்கே எனக்குப் பாதி தெரியும்" என்றேன். சரக்கு விவரம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னேன். குரல் கம்மவில்லை. கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வரவில்லை.

அவன் குழாயை அடைத்துவிட்டு வந்தான். "அன்னைக்கு நான் எதுக்கு உங்க காட்டுக்கு வந்தேன்னு நெனச்சீங்க மச்சான்?" என்று கேட்டான். அவனே சொன்னான். "மஞ்சத் துணியில ஈ அப்பிக் கெடந்துச்சுங்க. எனக்கு ஜீனும் தெரியாது, வைரசும் தெரியாது. கண்ணு தெரியுமுங்களே. அவுத்துப்போட்டுச் சணல்ல கட்டுனா பாதிக் காடாவது தப்பிக்கும்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க வர்றதுக்குள்ள ஒரு வரிசையாவது அவுத்துப்போடலாம்னு ஆரம்பிச்சேன். கட்டச் சொன்னீங்க. கட்டிப்போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். அவ்வளவையும் கோபமே இல்லாமல் சொன்னான். எனக்கு அந்த முடிச்சுதான் ஞாபகம் வந்தது. அவன் போன பிறகு நான் அதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நான் போட்ட முடிச்சை எல்லாம்விட நல்ல முடிச்சு.

கல்யாணத்தைச் சொன்னேன். பத்திரிகையில் பேர் போட்டதையும் சொன்னேன். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "புள்ளைக்கு மாமன் சீரு நான்தானுங்க செய்யோணும், வேற யாரு செய்யறது. ஆனா நீங்க கூப்புட்டு நான் வரமாட்டேனுங்க. அவ கூப்புடட்டும். அவளுக்குத் தெரியோணும். தெரிஞ்சு கூப்புட்டா வர்றேன். தெரியாமக் கூப்புட்டா, அவ மனசுல நான் கெட்ட நாத்துக் குடுத்தவனாவே மணவறையில நிக்கோணும். அது எனக்கு வேண்டாமுங்க" என்றான். நியாயம்தான் மாப்ள என்றேன். கிளம்பும்போது அவனே பின்னால் வந்தான். "அந்த ஈக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபுடிச்சிருக்காளாமா, அக்கா யாருகிட்டயோ சொன்னாளாம். நெசமுங்களா? அப்பிடிச் சொமந்துட்டுத் திரியறப்போ அதுக்கு நோவு இருக்குமுங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை டெலிவரிக்குப் போனேன். அவன் வண்டி நம்பர் எழுதினான், ரிஜிஸ்டரைத் திருப்பினான், நான் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் பொருளை ஒருவர் கையில் பார்த்தால், அந்தக் கை என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் கத்து. மாப்பிள்ளையானாலும் சரி, அவர் வீட்டு மனுஷர் யாரானாலும் சரி, ஒரு நிமிஷம் கேட்டால் ஒரு நிமிஷம் கொடு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன், அப்பா சொன்னார் என்பதற்காக எதையும் எடுத்துக்கொண்டு போகாதே. இன்டர்வியூவில் சொன்ன கதையை வேறு எங்கெல்லாம் சொல்லியிருக்கிறாயோ, அங்கெல்லாம் இனி மாற்றிச் சொல். உனக்கு அதை ஏற்றி அனுப்பியவன் நான். ஒன்பது வருஷம் நீ அதைச் சுமந்திருக்கிறாய், உனக்குள் அது எதைக் கூட்டியது எதை அடக்கியது என்று எனக்குத் தெரியாது. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வரியை எழுதும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதனால் பொய் என்று நினைத்துவிடாதே.

மாமனுக்கு ஞாயிறு காலையில்தான் ஓய்வு, மற்ற நாள் டியூட்டியில் போனைத் தொடவிடமாட்டார்கள். இன்றைக்கே கூப்பிடு. என் பெயரை எடுத்து ஆரம்பிக்காதே, எனக்காக மன்னிப்பும் கேட்காதே. முதலில் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல். அப்புறம் கல்யாணத்துக்குக் கூப்பிடு. நம்பரை உன் அம்மா இந்தப் பக்கத்தின் கீழே எழுதுவாள், அவளுக்கு மனப்பாடம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ எல்லாம் இங்கேயே பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் தட்டில் எடுத்து வைத்துவிட்டாள். நீ கூப்பிட்டுவிட்டாய் என்று தெரிந்ததும் கிளம்பப் புடவைகூட மாற்றிவிட்டாள். வாழைப்பழத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் காயாகத்தான் இருக்கிறது, இரண்டு மூன்று நாள் தாங்கும் என்கிறாள்.

அப்பா